பலகையில் எழுதிய பெயர்கள்

ஜூன் 9, திங்கள்

கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஒருவன் வந்து நின்றான். பள்ளிச் சீருடைக்கு மேல் அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தால் எனக்குத் தெரியாதாம். "தாத்தாவுக்கு நரம்பு வலி அக்கா, அந்த மாத்திரை வேணும்" என்றான். தாத்தாவுக்கு என்ன வயது என்றேன். கொஞ்சம் யோசித்து, "நாப்பத்தஞ்சு" என்றான். ஒழுங்காகப் பொய் சொல்லக்கூட வராத வயசு, அதற்குள் மாத்திரை கேட்கிறது. டாக்டர் சீட்டு எங்கே என்றதும் பின்னால் திரும்பிப் பார்த்தான். கூட வந்தவர்கள் அதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார்கள்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணன், "ஏன் இப்படி எரிஞ்சு விழுற? இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா போயிடப் போறான்" என்றான். போய்விடுவான், சரி. எங்கே போவான்? அடுத்த தெருக் கடைக்கு. "அது அந்தக் கடைக்காரன் பாடு" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடை அண்ணனுடையது. ஆனால் மருந்தாளுநர் படிப்புப் படித்தவள் நான். என் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டியிருப்பதால்தான் கடை நடக்கிறது. மாடியில் டியூஷன் சென்டர் வந்ததிலிருந்து சாயங்காலமானால் படியெல்லாம் பிள்ளைகள். பேனா வாங்க வருகிற மாதிரி வந்து மாத்திரை கேட்கிறார்கள்.

மத்தியானம் இன்னொரு சண்டை. அண்ணன் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்ட மாட்டான். மடக்கிக் கையால் கிழிப்பான், அதுவும் காலாவதித் தேதி அச்சடித்த ஓரத்திலிருந்து. மீதி அட்டை தேதியே இல்லாமல் பெட்டியில் கிடக்கும். வருஷக்கணக்காகச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். கத்தரிக்கோலை நூலில் கட்டி அவன் மேசையிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். இன்று அதில் நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

ஜூன் 12, வியாழன்

மகளோடு ரேடியோவும் வந்திருந்தாள். இவர், என் வீட்டுக்காரர், வைத்த பெயர் அது. மகளின் வகுப்புத் தோழி; வீட்டுக்குள் காலை வைத்ததும் பேச ஆரம்பித்தால் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பும்வரை ஓயாது. இன்று கணக்கு டீச்சர் எப்படித் தும்முவார் என்று நடித்துக் காட்டினாள். இவர் சிரித்துச் சிரித்துத் தட்டைக் கீழே போட்டார். லிஃப்ட் மெக்கானிக் வேலை, பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் நிற்கிற மனிதர், சிரிக்கக் கிடைத்தால் விடமாட்டார்.

நான் கடைக்கு வந்த பையனைப் பற்றிச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். "உங்கம்மா கோவத்துல பத்து மாடிக்கு லிஃப்ட் ஓட்டலாம், கரண்டே வேணாம்" என்றார். பெண்கள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஜூன் 16, திங்கள்

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன். பெரிய வெள்ளைப் பலகை வாங்கி, "கீழ்க்கண்ட மாத்திரைகளும் சிரப்புகளும் டாக்டர் சீட்டு இல்லாமல் கண்டிப்பாகக் கொடுக்கப்பட மாட்டாது" என்று எழுதினேன். அடியில் எல்லாப் பெயர்களும், மில்லிகிராம் வீரியத்தோடு, சிவப்பு மையில். "போதைக்காகப் பயன்படுத்தப்படுவதால்" என்று காரணத்தையும் போட்டேன். பூசி மெழுகுவது எனக்குப் பிடிக்காது. வாசலில், படி ஏறுகிற பிள்ளைகள் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியாயிற்று.

அண்ணன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "கடை வாசல்ல போதைன்னு எழுதி வச்சா எவன் வருவான்?" என்றான். வரவேண்டியவன் வருவான். எனக்கு மனசுக்கு நிறைவாக இருக்கிறது. இந்தத் தெருவில் ஒருத்தியாவது வாயைத் திறந்தாளே.

ஜூன் 24, செவ்வாய்

மகளின் பள்ளியில் போதை ஒழிப்பு நாள். என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள், பலகையைப் பார்த்துவிட்டு.

முதலில் ஊர்வலம். பிள்ளைகளை வெயிலில் நிறுத்திக் கையில் அட்டைகளைக் கொடுத்து வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை, வரவில்லை, வரவே இல்லை. கடைசியில் வந்தார், காரை விட்டு இறங்கிக் கொடியசைத்தார், போட்டோ எடுத்தார்கள், காரில் ஏறினார். ஊர்வலம் பள்ளியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளேயே வந்துவிட்டது. அந்தச் சுற்றில் மதிற்சுவருக்கு வெளியே ஒரு பெட்டிக்கடை. அங்கே என்ன விற்கிறது என்று அட்டை பிடித்த பிள்ளைகளுக்குத் தெரியும், டீச்சருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பிறகு நான் பேசினேன். கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று வரிசையாக. பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "மிஸ், எத்தனை வரைக்கும் போட்டா ஒண்ணும் ஆகாது?" என்று கேட்டான். அரங்கமே சிரித்தது. நான் மைக்கில் அவனைக் கிழிகிழி என்று கிழித்தேன். பதில் மட்டும் சொல்லவில்லை. அவன் கேட்டதும் ஒருவேளை நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தானோ, என்னவோ.

மகள் வீட்டுக்கு வரும்வரை என்னோடு நடக்கவில்லை. பத்தடி பின்னால் வந்தாள். "இனிமே எங்க ஸ்கூலுக்கு வராதம்மா" என்றாள். நல்லது சொன்னால் மானம் போகிறதாம்.

ஜூலை 2, புதன்

ரேடியோ வந்து போனாள். இன்று சாப்பிடவில்லை, தலைவலி என்றாள். பேச்சும் குறைவு. பரீட்சை நெருங்குகிறதில்லையா.

ஜூலை 8, செவ்வாய்

இவர்களுக்குத் துணிச்சல் முற்றிவிட்டது. முன்பெல்லாம் "அந்த மாத்திரை", "நீல அட்டை மாத்திரை" என்று திக்கித் திணறுவார்கள். இப்போது பெயர் சுத்தமாக வருகிறது, வீரியத்தோடு. ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதிகூட இவ்வளவு தெளிவாக உச்சரிக்க மாட்டான். எங்கிருந்துதான் கற்றுக்கொள்கிறார்களோ.

ஒருவனைச் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தி, "பலகையில என்ன எழுதியிருக்கு, படி" என்றேன். படித்தான், தடங்கல் இல்லாமல். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. படிக்கிறார்களே என்று.

ஜூலை 13, ஞாயிறு

கை இன்னும் எரிகிறது.

மகளின் பையைத் துவைக்க எடுத்தேன். பக்கத்து அறையில் ஏதோ சத்தமாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பையின் உள் ஜிப்பிலிருந்து பாதி அட்டை விழுந்தது. பெயரைப் பார்த்தேன். என் கையால் சிவப்பு மையில் எழுதிய பெயர். ஓரத்தைப் பார்த்தேன். வெட்டு இல்லை. மடக்கிக் கிழித்தது, தேதிப் பக்கத்திலிருந்து. எந்தக் கடையிலிருந்து வந்தது என்று ஊரில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எங்கள் கடை.

என்ன யோசித்தேன்? ஒன்றும் யோசிக்கவில்லை. போய் ஓங்கி ஒரு அறை. இன்னொன்று. "எத்தன நாளா? எத்தன நாளாடி?" என்று கத்தியது நான்தானா? அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எனக்கில்லம்மா" என்றாள். அவ்வளவுதான். நான் அதையும் நம்பவில்லை. பிடிபட்டவர்கள் எல்லாரும் அதைத்தானே சொல்வார்கள். என் கடைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு தாத்தா இருக்கிறார்.

இவர் வந்து நடுவில் நின்றார். "போதும். கை ஓங்கினது போதும்" என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. இன்றும் உயர்த்தவில்லை. ஆனால் அந்தக் குரலில் என் கை தானாக இறங்கியது.

ஜூலை 14, திங்கள்

மகள் இவரிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் இல்லை.

அட்டை அவளுடையது இல்லை. ஒரு தோழியுடையது. அந்தப் பெண் வகுப்பில் வைத்தே போட்டுக்கொள்ளப் பார்த்திருக்கிறாள், இவள் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டால் நான் பார்த்துவிடுவேன் என்று பயந்து, எங்கேயாவது வழியில் எறிய வைத்திருந்தாள். நம்புகிறேனா? நம்புகிறேன். இவள் பொய் சொன்னால் காது சிவக்கும்; இவர் பார்த்தாராம், சிவக்கவில்லையாம்.

தோழியின் பேரைச் சொல்ல மாட்டாளாம். நான் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தாள். கன்னத்தில் என் விரல் தடம் இருந்தது. நான் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், அதுவும் அதட்டலாகத்தான் வந்தது. "பேரச் சொல்லு, அவங்கம்மாகிட்ட நான் பேசுறேன்." அவள் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

வகுப்புப் பிள்ளைகளின் குழு. அதில் ஒரு போட்டோ. என் பலகை. என் கையெழுத்து. அடியில் எவனோ ஒருவன், "ஷாப்பிங் லிஸ்ட்" என்று எழுதியிருக்கிறான். அதற்கு அடியில் சிரிப்பு முகங்கள், வரிசை வரிசையாக.

"எங்க யாருக்கும் பேரு தெரியாது. ஏதோ மாத்திரைன்னு மட்டும்தான் தெரியும்" என்றாள் மகள். "நீதாம்மா எழுதி மாட்டின. எது போதைன்னு நீதான் சொன்ன."

கதவு மூடிவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

அண்ணன் வருவதற்கு முன் கடையைத் திறந்து பலகையை இறக்கினேன். துடைத்தேன். சிவப்பு மை போகவில்லை. ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தும் லேசாகத் தெரிந்தது. கடைசியில் காலால் மிதித்து உடைத்தேன். எதிர்த்த கடைத் தையல்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். பெயர்களை இங்கேயும் எழுதப்போவதில்லை. இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்? இருந்தாலும் எழுத மாட்டேன்.

அண்ணன் வந்ததும் அட்டையை அவன் முன் வைத்தேன். கிழிசலைப் பார்த்தான். மறுக்க முடியாது, அவன் கை அது. முகம் செத்துப்போயிற்று.

"யாருக்குக் குடுத்த?"

"நீ சாப்பிடப் போனப்ப வந்துச்சு. தலைவலின்னுச்சு."

"யாரு?"

"உன் பொண்ணுகூட வருமே, ஓயாம பேசுமே, அந்தப் புள்ள. 'அங்கிள், நான் உங்க மருமக ஃப்ரெண்டு'ன்னுச்சு. வீட்டுப் பிள்ளையாச்சேன்னு குடுத்தேன். வெளியாளுக்கா குடுத்தேன்?"

ரேடியோ.

வீட்டுப் பிள்ளை என்பதால் கொடுத்தானாம். அப்பன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவனை நான் துரத்துவேன். என் வீட்டுச் சோற்றைத் தின்கிற பெண் வந்து சிரித்தால் இவன் கொடுப்பான். ஒரு தடவையா என்று கேட்டேன். கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ண ஆரம்பித்தான். இவனை என்ன செய்வது? கெட்டவன் என்றால்கூட எனக்குச் சுலபமாக இருக்கும். இவன் கெட்டவன் இல்லை. சோம்பேறி. இளகிய மனசு. கத்தரிக்கோலை எடுக்கச் சோம்பல், கேள்வி கேட்கச் சோம்பல். இந்த மாதிரி நல்லவர்கள் கையால்தான் எல்லாம் நடக்கிறது.

ஜூலை 16, புதன்

சான்றிதழை ஆணியிலிருந்து எடுத்துப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் இல்லாமல், அது இல்லாமல் கடை திறக்கக்கூடாது. சட்டம் அப்படி.

சாயங்காலம் அண்ணி வந்து வாசலில் நின்றே பேசினாள். "கூடப் பொறந்தவன் வயித்துல அடிக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" இவர் உள்ளே வந்து உட்காருங்கள் என்றார். உட்காரவில்லை. "ரெண்டு மாத்திரைக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?" என்றாள். ஆமாம் அண்ணி, ரெண்டு மாத்திரைக்குத்தான்.

ஜூலை 18, வெள்ளி

அண்ணன் வேறு ஒரு சான்றிதழை வாடகைக்குப் பேசியிருக்கிறானாம். சட்டம் மட்டும் வந்து சுவரில் தொங்குமாம், ஆள் வர மாட்டாராம். எங்கள் தொழிலில் இது நடக்கிறதுதான், எல்லாருக்கும் தெரியும். போன் போட்டு, "மாட்டிப் பாரு, நானே மருந்து இன்ஸ்பெக்டர்கிட்ட போய் எழுதிக் குடுத்துக் கடைக்குச் சீல் வைக்கச் சொல்வேன்" என்றேன். போனை வைத்துவிட்டான்.

ஜூலை 22, செவ்வாய்

மகள் வராதே என்று சொன்ன பள்ளிக்குப் போனேன். பேரைச் சொல்லும் எண்ணமில்லை. என்ன உதவி கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

தலைமையாசிரியை நாற்காலி போட்டு உட்காரவைத்து, நான் பேசியது ரொம்ப நன்றாக இருந்தது என்றார். ஊர்வலப் போட்டோ மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. "உங்க பிள்ளைங்கள்ல ஒருத்தருக்கு இந்தப் பழக்கம் இருந்தா பள்ளிக்கூடம் என்ன செய்யும் மேடம்?" என்று கேட்டேன்.

"எங்க ஸ்கூல்ல அப்படி யாரும் இல்ல."

"ஒரு பேச்சுக்கு."

"பேரச் சொல்லுங்க. இன்னைக்கே அனுப்பிடுறோம். ஒரு அழுகின பழத்த வச்சுக்கிட்டு மத்த பிள்ளைங்களக் கெடுக்க முடியுமா?"

பதினைந்து வயசுப் பெண் பழமாம். அழுகினதாம். எனக்கு அந்த மேசைக் கண்ணாடியை உடைக்கவேண்டும் போல் இருந்தது. இவர்களுக்குப் போதை ஒழிப்பு என்றால் பிள்ளையை ஒழிப்பது. பெட்டிக்கடை அப்படியே இருக்கும், அண்ணன் அப்படியே இருப்பான், பழத்தை மட்டும் பொறுக்கி வெளியே எறிந்துவிட்டு அடுத்த வருஷமும் கொடியசைப்பார்கள். என் மகள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இன்றுதான் புரிந்தது. சொன்னால் பள்ளியில் துரத்துவார்கள், வீட்டில் அடிப்பார்கள். அவள் யாரிடம்தான் சொல்வாள்?

"இல்ல மேடம், சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி

மகளிடம், "ரேடியோன்னு எனக்குத் தெரியும். ஸ்கூல்ல சொல்லல. சொல்லவும் மாட்டேன்" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். "அவங்கம்மாகிட்ட?" என்றாள். சொல்லத்தானே வேண்டும் என்றேன். "சொன்னா அவ என்கூடவும் பேச மாட்டா. இப்ப என்கிட்ட மட்டும்தான் சொல்றா" என்றாள். பிறகு புத்தகத்தை விரித்துக்கொண்டாள்.

ஒரு பக்கம் நியாயம் தெரிகிறது. இன்னொரு பக்கம் பயமாக இருக்கிறது. பெற்றவளிடம் சொல்லாமல் இருப்பது சரியா? ரேடியோவை ஒருமுறை வீட்டுக்குக் கூட்டி வா என்று மட்டும் கேட்டேன். "நீ திட்டுவ" என்றாள்.

ஜூலை 30, புதன்

வரவில்லை. ரேடியோவைப் பற்றி மகளிடம் கேட்டால் எழுந்து போய்விடுகிறாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன். மகள்.

"அம்மா, திட்டாம வருவியா?"

எவ்வளவு நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாளோ. என்னைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று. அந்த நேரத்தில் அங்கே என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம்.

"வரேன்" என்றேன். "எங்க?"

டியூஷன் சென்டர் மாடிப்படி. எங்கள் கடைக்கு நேர் மேலே. கடை பூட்டிக் கிடக்கிறது, அதன் தலைக்கு மேல் ரேடியோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. கூப்பிட்டால் "ம்" என்றாள், அதுவும் எங்கேயோ இருந்து வந்தது. மகள் அவள் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டிருந்தாள். டியூஷன் மாஸ்டர் ரெண்டு படி மேலே நின்று, "வயித்து வலின்னு நெனச்சேன். எங்கயாவது கூட்டிட்டுப் போயிடுங்க, இங்க வேணாம்" என்றார். அவர் கவலை அவருக்கு. வாயில் வந்ததை விழுங்கினேன்.

நானும் மகளும் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வண்டி பிடித்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "என்ன சாப்பிட்டா? எப்ப?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள். எது, எத்தனை, எப்போது, எதோடு. ஒன்றுகூட விடவில்லை. பள்ளி விட்டு வரும்போது பேருந்திலேயே ரேடியோ அவளிடம் சொல்லியிருக்கிறாள். டாக்டரம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போனார். பிறகு வெளியே வந்து, "சரியான தகவல் கிடைச்சதால எங்க வேலை சுலபமாச்சு. பொழச்சுக்குவா" என்றார்.

எங்கே வாங்கினாள்? அடுத்த தெருவில். என் கடை மூடியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன. நான் சான்றிதழைப் புடவையில் சுற்றிக்கொண்டு வீராப்பாக வந்தது எனக்குத்தான் பெரிய விஷயம். அவளுக்கு அது நூறடி கூடுதல் நடை.

ரேடியோவின் அம்மா பொட்டலம் கட்டும் வேலையிலிருந்து நேரே ஓடி வந்தார். தலையில் வேலைத்தொப்பி அப்படியே இருந்தது. கட்டிலைப் பார்த்தார். மகள் கண் திறந்திருப்பதைப் பார்த்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. எனக்குத் தெரியும் அந்த இடம். கை மேலே போயிற்று. நான் பிடித்துக்கொண்டேன்.

"அடிக்காதீங்க" என்றேன். "நான் எம்பொண்ண அடிச்சுப் பாத்துட்டேன். அதுக்கப்புறம் அவ என்கிட்ட ஒண்ணுமே சொல்லல. இன்னிக்கு அவ கூப்பிடாம இருந்திருந்தா நாம வேற இடத்துல நின்னுட்டிருப்போம்."

அந்த அம்மா என் தோளில் தலையைச் சாய்த்து அழுதார். ரேடியோ கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை. எனக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். உள்ளே போகாமல் வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "வீட்டுப் பிள்ளைன்னுதானே குடுத்தேன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே. நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை. பக்கத்தில் மட்டும் நின்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆஸ்பத்திரியில் ஒரு ஆலோசகர் இருக்கிறார், குட்டையாக, கண்ணாடி போட்ட ஒரு நர்ஸ். வாரம் ஒருமுறை ரேடியோ வரவேண்டும். அவர் கேட்டார், ரேடியோ சொன்னாள். நானும் பெற்றவளும் கதவுக்கு வெளியே. வெளியே வந்ததும் அவளிடம் நான் கேட்டேவிட்டேன், "ஏன்டா அதப் போட்ட?" என்று. அதட்டல் இல்லாமல்தான் கேட்டேன், அப்படித்தான் நினைக்கிறேன். "போட்டா கொஞ்ச நேரம் தலைக்குள்ள சத்தம் நிக்கும் ஆன்ட்டி" என்றாள். நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்த பிள்ளை. எதற்காகப் பேசினாள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. சிரித்தோம்.

நான் மேடையில் கல்லீரலைப் பற்றிச் சொன்னேன். சத்தத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஆகஸ்ட் 20, புதன்

கடையை மறுபடி திறந்தோம். என் நிபந்தனைகளை அண்ணன் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டான். அந்த மருந்துகளெல்லாம் பூட்டிய அலமாரியில், சாவி என்னிடம். நான் சாப்பிடப் போனால் ஷட்டர் பாதி கீழே. அண்ணி என்னோடு பேசுவதில்லை, காபி மட்டும் கொடுத்தனுப்புகிறாள், சர்க்கரை இல்லாமல்.

பலகை இல்லை. யாராவது பிள்ளைகள் வந்து கேட்டால் இப்போது, "எதுக்கு?" என்று கேட்கிறேன். பொய்தான் சொல்கிறார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு, ஒரு ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொல்கிறேன். எவனும் உட்காரவில்லை. ஒருவன் மட்டும் இன்று தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனான். இதையெல்லாம் வேலை என்று சொல்ல முடியுமா? எனக்கு இன்னும் காலரைப் பிடிக்கத்தான் கை போகிறது.

அடுத்த தெருக் கடைக்காரனைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்தாயிற்று. வாங்கி வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மகள் இன்று தலைக்கு எண்ணெய் வைத்துவிடச் சொல்லி முன்னால் வந்து உட்கார்ந்தாள். இரண்டு தடவை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். ரேடியோ, தனியாக. மகள் டியூஷனிலிருந்து இன்னும் வரவில்லை. உள்ளே வா என்றேன். வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே நின்று, "ஆன்ட்டி, இன்னிக்கு ஒண்ணு போட்டுட்டேன்" என்றாள்.

ஐந்து வாரமாக ஒழுங்காக இருந்த பெண். பெற்றவள் வேலையை மாற்றிக்கொண்டு பகல் ஷிஃப்டுக்கு வந்திருக்கிறார் இவளுக்காக. என் மகள் ஒவ்வொரு வாரமும் அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். அண்ணன் கல்லாவில் அரைமனிதனாக உட்கார்ந்திருக்கிறான். இத்தனை பேரையும் ஒரு மாத்திரையில் தூக்கி எறிந்துவிட்டு வந்து நிற்கிறாயே, உனக்குக் கொஞ்சமாவது இருக்கிறதா? அப்படியே போய்ச் சேர்ந்திருந்தால் உன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? எவன் கொடுத்தான்? அவன் கையை முறிக்க வேண்டாமா? உனக்கு எத்தனை தடவைதான் சொல்வது?

இதில் ஒன்றையும் அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

"எப்ப போட்ட?" என்றேன்.

"மத்தியானம்."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். இன்னொண்ணு இருக்கு." கையை நீட்டினாள். வியர்வையில் ஒட்டிப்போயிருந்தது. வாங்கிக்கொண்டேன்.

"சாப்பிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினாள். உட்காரவைத்துச் சாப்பாடு போட்டேன். அவள் சாப்பிடும்போது அடுத்த அறைக்குப் போய் நர்ஸுக்குப் போன் பண்ணினேன். என் குரல் எப்படி இருந்ததோ, "மூச்சு விட்டுப் பேசுங்கம்மா" என்றார். அவள் எப்படி இருக்கிறாள், கண் எப்படி, பேச்சு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாளைக் காலை அழைத்து வரச் சொன்னார். பிறகு, "நீங்க கண்டுபிடிச்சீங்களா, அவளா சொன்னாளா?" என்றார்.

"அவளா வந்து சொன்னா."

"அப்ப சரி. நல்லாத்தான் போகுது" என்றார்.

இதில் என்ன நல்லது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. திரும்பி வந்தபோது தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அவள் அம்மாவிடம் அவளே சொல்வதாகச் சொன்னாள்; நானும் கூட வரட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். நான் அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, "உங்க பொண்ணு உங்ககிட்ட ஒண்ணு சொல்ல வர்றா. சொல்லி முடிக்கிற வரைக்கும் கேளுங்க" என்று மட்டும் சொன்னேன். இவர் வந்து, வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சாவியை எடுத்தார்.

படி இறங்கப் போனவள் நின்றாள். "நாளைக்கும் வரலாமா ஆன்ட்டி?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"போட்டாலும் வா. போடலைன்னாலும் வா" என்றேன்.

வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை வாசலில் நின்றேன். பிறகு கதவைச் சாத்தினேன். கோபம் ஆறாமலேயே போய், நாளைக்கு ஒரு ஆளுக்குச் சேர்த்து அரிசி ஊறப்போட்டேன்.